மில்லிலிருந்து வரும் பருத்தி

எங்கள் பள்ளியில் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு, பாடத்தைப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இதில் முன்னோடி எங்கள் அறிவியல் ஆசிரியர். பிள்ளைகள் சந்தேகம் கேட்டால், "இரும்மா, வெளிச்சம் சரியில்ல" என்று ஜன்னல் பக்கம் நகர்த்தி நிறுத்துவார். சந்தேகம் அப்படியே நிற்கும்.

ஒருநாள் ஆறாம் வகுப்பில், பருத்தி எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறார். ஒரு சிறுமி எழுந்து, "மில்லுல இருந்து சார்" என்றிருக்கிறாள். அவள் அம்மா ராஜபாளையத்தில் நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிறவர். பிள்ளை கண்டதைச் சொன்னது. திருத்துவதற்குத்தானே வாத்தியாருக்குச் சம்பளம்? இவரோ அந்தப் பதிலோடு ஒரு காமெடிச் சிரிப்பை ஒட்டி, 'சிரித்துக்கொண்டே கற்போம்' என்று தலைப்பும் வைத்து யூடியூபில் போட்டுவிட்டார்.

தெருப் பையன்கள் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "ஏட்டி, மில்லுல பருத்தி காய்ச்சிருச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் அவளுடைய வகுப்பாசிரியர் என்பதால் வீடு தேடிப் போனேன். அம்மா சத்தம் போடவில்லை.

"அந்தப் படத்த அழிக்கச் சொல்லுங்க சார். பொறவு அனுப்புதேன். இல்லன்னா வீட்டுலயே கெடக்கட்டும்" என்றார்.

அறிவியல் ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். "என் சேனல்லயே அதுக்குத்தான் சார் அம்புட்டு லைக்கு" என்று வருத்தப்பட்டார். லைக்குக்காகத்தான் வருத்தம்.

அந்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. சமூக வலைத்தளங்களில் பாடம் நடத்துவது பற்றி எங்கள் கருத்தைக் கேட்கப் போகிறார்களாம். என்ன சொல்ல வேண்டும் என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டக்கூடச் சொல்லித்தராத ஒருவர், வாட்ஸப் வந்த பிறகு மாணவர் சிந்தனை விரிந்துவிட்டதாக மைக்கைப் பிடித்து முழங்கினார். கைதட்டல். அடுத்து நம்மவர் மேடையேறி, எடுத்துக்காட்டு என்று அந்தக் காணொளியைத் திரையில் ஓட்டினார். ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து, "அந்தப் பிள்ள இப்ப பள்ளிக்கூடத்துக்கே வரல" என்றேன். சிரிப்பு நின்றது. பயிற்சி நடத்தியவர் என்னைப் பார்த்து, "உங்க கருத்தக் குரூப்ல போட்ருங்க சார்" என்றார். ஆனாலும் அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்ததில் நம்மவர் காணொளியை அங்கேயே அழித்தார். சிறுமியின் அம்மாவுக்கும் போன் செய்து சொன்னார்.

ராஜபாளையத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் போனை எடுத்தேன். பயிற்சிக் குரூப்பில் வேறொரு பள்ளி ஆசிரியர் அதே காணொளியைப் போட்டிருந்தார். 'சாரின் அருமையான படைப்பு. நல்லவேளை, முன்பே இறக்கி வைத்திருந்தேன். அனைவரும் வகுப்பில் பயன்படுத்துங்கள்.' கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக அந்த வீட்டுக்குப் போனேன். சிறுமி சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வாரேன் சார்" என்றாள்.

மறைக்க எனக்கு மனசு வரவில்லை. அழித்ததை இன்னொருவர் திரும்பவும் போட்டுவிட்டதைச் சொன்னேன்.

"யாரு சார் போட்டது? தெருப் பயலுகளா?"

"இல்லம்மா. வாத்தியாருங்க."

அவள் தேய்ப்புப்பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.