பக்கத்து வீட்டு அரிசி

அறுபதுகளில் அரிசிக்குப் பங்கீடு வந்தபோது, விலையேற்றத்தைவிட என்னை வருத்தியது பக்கத்து வீட்டு அட்டை. பம்பாய் மாதுங்காவில் எங்கள் தளத்தில் எதிரெதிரே இரு குடித்தனங்கள். எங்கள் அட்டையில் நானும் மனைவியும் மட்டுமே. அவர்கள் அட்டையிலோ எட்டுப் பெயர்கள்; அவற்றுள் ஆறு குழந்தைகள். பால்பல் முளைத்த கடைக்குட்டிக்கும் ஒரு பங்கு அரிசி உண்டு. வெளிச்சந்தையில் அரிசி வாங்க என் ஆசிரியர் ஊதியம் இடம் கொடாது. எங்கள் அரிசிக் கலம் மாதக் கடைசிக்கு முன்னரே ஒழிந்துவிடும், பங்கீட்டில் வந்த கோதுமைதான் எஞ்சும். எதிர்வீட்டில் சோறு வடிக்கும் மணம் வரும்போதெல்லாம் என் நெஞ்சு காந்தும்.

அவ்வேளையில், தஞ்சையிலிருந்து மாமனார் பத்து நாள் தங்க வருவதாகக் கடிதம் வந்தது. கோதுமை அவருக்கு ஆகாது. விருந்தாளிக்கு அட்டையில் இடமுமில்லை.

"ஏன்னா, அவாத்துல கேக்கட்டுமா?" என்றாள் மனைவி.

"வேண்டாம்" என்றேன். அந்த வீட்டில் கையேந்துவதை என்னால் எண்ணிப் பார்க்கவும் முடியவில்லை. அவள் பொருட்படுத்தாமல் கதவைத் தட்டினாள். நான் எங்கள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தாராளமா எடுத்துக்கோங்கோ மாமி. பதிலுக்குக் கோதுமை தாங்கோ" என்றாள் அவ்வீட்டு அம்மாள். "இதுகளுக்குச் சோறு போட்டா அரை மணியில மறுபடி பசிக்கறது. சப்பாத்திதான் தாங்கறது. உங்காத்துல கோதுமை மிஞ்சறதேன்னு நேக்கு எத்தனை நாளா வயித்தெரிச்சல் தெரியுமோ!"

"எங்களைப் பார்த்தா?"

"பின்னே? உங்களுக்குக் குழந்தைகளுக்குக் கட்டற பள்ளிக்கூடச் சம்பளமா, செருப்பா? அட்டையில பேர் இருக்குன்னு சர்க்கார் ஆறு ஜோடிச் செருப்பும் குடுக்கறதா என்ன?"

மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வெறுங்கோதுமையின்மீதும் ஒருத்திக்குக் கண் இருந்திருக்கிறது!

மாமனார் பத்து நாளும் வயிறாரச் சோறுண்டார். எதிர்வீட்டுக் கடைக்குட்டி நாள்தோறும் வந்து அவர் மடியில் அமர்ந்து, அவர் இலையிலிருந்தே வாங்கியுண்டது. "இந்தாத்து அட்டையிலயும் ஒரு பேர் ஏறணும்" என்றார் அவர், எங்கள் இருவரையும் பாராமல்.

அவர் ஊர் திரும்பிய பின்னரும் மாதந்தோறும் கோதுமை அங்கே போயிற்று. அரிசி இங்கே வந்தது. அரிசி பற்றிய காய்ச்சல் எனக்குத் தணிந்தது. கடைக்குட்டி மட்டும் உணவு வேளையில் வருவதை நிறுத்தவில்லை. அதை அழைத்துப்போக அதன் தாய் கதவைத் தட்டும்போதெல்லாம் என் மனைவி அதை மடியிலிருந்து இறக்கிவிட்டு உடனே எழுந்து திறந்ததில்லை. நானும் திறந்ததில்லை.