பதினோரு நாள் குறிப்பு

மல்லேஸ்வரத்தில் ஓர் அலுவலக மாடியில், நூறு வருஷத்துக்கு முந்தைய சுகாதாரப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை எனக்குக் கிடைத்தது. பழைய கண்டோன்மெண்ட் பகுதியில் எந்த வீட்டுக் குழந்தைக்கு என்ன தொற்று நோய் வந்தது என்று எழுதிவைத்த புத்தகங்கள். பெயர், வயது, தெரு, நோய், முடிவு என்று திரையில் ஐந்து கட்டங்கள். முடிவு என்றால் பிழைத்தது அல்லது இறந்தது. முதல் மாதம் தப்பில்லாமல் அடித்தால் போதும் என்றுதான் இருந்தேன்.

ஒரு நாள் ஒரு குதிரை வண்டிக்காரரின் வீடு வந்தது. மூன்று குழந்தைகளுக்கும் தொண்டை அடைப்பான். ஏழு வயதுப் பையன் ஆஸ்பத்திரியில் இறந்தான். இரண்டு நாள் கழித்து, அங்கேயே, நாலு வயதுப் பெண். கடைசிக்கு ஒன்றரை வயது. அதன் பெயருக்கு நேரே, நான் அடிக்கத் தேவையில்லாத குறிப்புப் பத்தியில், சுகாதார ஆய்வாளர் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: தாய் இந்தக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தர மறுக்கிறாள்.

மறுநாள்: மூச்சு இருக்கிறது. அதற்கு மறுநாளும் அதே. ஒரு நாள், தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், மூச்சு இருக்கிறது. இப்படிப் பதினோரு நாள். இடம் போதாமல் கையெழுத்து பக்கத்தின் ஓரத்தில் மேல்நோக்கி ஏறியிருந்தது. கடைசி வரி: பால் குடித்தது.

பக்கத்து நாற்காலி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"கட்டாயப்படுத்தி தூக்கினு போயிருக்கலாம், யாரு கேக்கப் போறாங்க? தெனம் வாசல்ல வந்து நின்னுட்டுப் போயிருக்காரு மனுஷன்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மேற்பார்வையாளரிடம் போய், குறிப்புக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்டேன்.

"பேடா மேடம், வேண்டாம். முடிச்ச புக்கெல்லாம் திரும்ப எடுக்கணும். யாரு பண்றது?"

"நான் பண்றேன் சார்."

"நானும்" என்றார் பின்னாலேயே வந்திருந்த அக்கா.

மேற்பார்வையாளர் பதிவேட்டை வாங்கி, ஓரத்தில் இருந்ததைத் தலையைச் சாய்த்துப் படித்தார். அன்று மாலையே திரையில் ஆறாவது கட்டம் வந்துவிட்டது.

முடித்த புத்தகங்களை மறுபடி முதலிலிருந்து பிரித்தோம். பெரும்பாலான குழந்தைகளுக்குக் குறிப்பே இல்லை. அங்கெல்லாம் 'இல்லை' என்று அடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயரை வாய்க்குள் ஒரு முறை படித்துவிட்டுத்தான் அடித்தேன்.