விடியற்காலையில் மட்டும் சிவக்கும் டெஸ்ட்

கீழக்கரையிலிருந்து தினமும் பஸ்ஸில் ராமநாதபுரம் வந்துபோகும் நஸீஹா, எங்கள் கம்பெனியில் டெஸ்டர். அவளுடைய வாப்பா துபாய் வேலை போய் வீட்டோடு இருக்கிறார். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. தை முடிந்ததும் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

ராமேஸ்வரம் லாட்ஜ்களில் அறை பதிவுசெய்யும் இணையதளம் எங்களுடையது. அதைச் சோதிக்க ஒரு டூல் உண்டு. இரவும் பகலும் தானாக ஓடும். சரியாக இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. அதில் 'இன்றைக்கு ஓர் அறை' கேட்கும் டெஸ்ட் மட்டும் விடியற்காலையில் சிவப்புக் காட்டும், பகலில் பச்சைக்கு வந்துவிடும். உடனே எல்லோரும் டூலைத் திட்டினார்கள். அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினார்கள், பிரவுசரை மாற்றினார்கள், கடைசியில் பேய் பிடித்த டெஸ்ட் என்று பெயரும் வைத்தார்கள். படித்தவர்கள் பேசுகிற பேச்சா இது?

நஸீஹாதான் உட்கார்ந்து தோண்டினாள். சர்வரின் கடிகாரம் வெளிநாட்டு நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நம் காலை ஐந்தரை மணி வரைக்கும் அதற்கு இன்னும் நேற்றுதான். அதற்குள் யார் அறை கேட்டாலும் நேற்றைய தேதிக்குப் பதிவாகும்.

சென்னையிலிருக்கும் எங்கள் டீம் லீட் தங்கப்பாண்டியிடம் போனில் சொன்னாள்.

"ஏம்மா, விடியக்காலம் நாலு மணிக்கு எவன் ரூம் போடுவான்? அந்த டெஸ்ட்ட ஆஃப் பண்ணு. கிளையண்ட் பாக்குறப்ப எல்லாம் பச்சையா இருக்கணும்."

"அமாவாசைக்கு வாற பஸ்ஸெல்லாம் அந்நேரந்தான் சார் அங்கன வந்து நிக்கும். எறங்குனதும் ரூம்தான் தேடுவாக. நான் ஆஃப் பண்ண மாட்டேன்."

"வேலை நிரந்தரமாகணும்ல? பாத்துக்க," என்று வைத்துவிட்டு, டெஸ்ட்டை அவரே நிறுத்தினார். வெளியூர்க்காரர் என்றாலாவது போய்த்தொலையட்டும் என்று விடலாம். மனுஷன் பிறந்ததே பக்கத்திலிருக்கும் பரமக்குடியில்.

தை அமாவாசை வந்தது. விடியுமுன் எங்கள் தளத்தில் பதிவுசெய்துவிட்டு வந்த குடும்பங்களிடம், "ஒங்க புக்கிங் நேத்தோட முடிஞ்சுபோச்சு" என்று லாட்ஜ்காரர்கள் கையை விரித்தார்கள். கடலில் முழுகிவிட்டு வந்த வயசாளிகள் ஈரச்சேலையோடு தெருவில் நின்றார்கள். பணம் கட்டியும் உடைமாற்ற ஓர் இடமில்லை.

அன்றைக்கே நஸீஹா நேரக்கணக்கைத் திருத்திக் கொடுத்தாள். மறுநாள் ஆன்லைன் மீட்டிங்கில் தங்கப்பாண்டி, "டூல்ல இருந்த கோளாற நம்ம டீம் சரிபண்ணியாச்சு," என்று கிளையண்ட் முன்னால் கூசாமல் சொன்னார்.

நஸீஹா மைக்கை ஆன் செய்தாள். "டூல்ல கோளாறு இல்ல சார். அது தெனமும் சொல்லுச்சு, நானும் சொன்னேன். நீங்கதான் அத ஆஃப் பண்ணுனீக. ஈரத்துணியோட நின்னவுககிட்ட யாரு மன்னிப்புக் கேக்குறது?"



அந்த வாரமே அவளுக்கு மெயில் வந்தது. குழுவோடு ஒத்துப்போகவில்லை, அதனால் வேலை நிரந்தரம் இல்லையாம். மேசையைக் காலிசெய்துகொண்டிருந்தவளிடம், பேசாமல் இருந்திருக்கலாமே என்று ஆற்றாமையில் கேட்டுவிட்டேன்.

"பேசாம இருக்குறதுக்கா அக்கா, என்னைய டெஸ்டர் வேலைக்கு எடுத்தாக?" என்றாள்.