‘எப்போலேருந்து’ அண்ணனின் விண்ணப்பம்

வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கும் அந்த மனிதருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சர்வீஸ் சென்டரில் யாரைக் கேட்டாலும் ‘எப்போலேருந்து அண்ணன்’ என்றுதான் சொல்வார்கள். இருபத்தாறு வருடமாக, மெஷின் மக்கர் பண்ணுகிற எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், தோள் பையை இறக்குவதற்கு முன்பே அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான். “எப்போலேருந்து?”

இந்த ஜனங்களுக்கு ஒரு கோளாறை ஒழுங்காகச் சொல்ல வருமா? வரவே வராது. “மெஷின் ஓடல” என்பார்கள். அதோடு சரி. லைட் எரிகிறதா, தண்ணீர் ஏறுகிறதா, டிரம் சுற்றுகிறதா, ஒரு வார்த்தை வாயிலிருந்து வராது. கேட்டால், “அதைப் பாக்கத்தானே உங்களைக் கூப்பிட்டோம்?” என்று நம்மையே முறைப்பார்கள். நானாக இருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்திருப்பேன். அண்ணன் பொறுமைசாலி. ஒருமுறை ஓர் அம்மா, மெஷினில் தண்ணீரே ஏறவில்லை என்று புலம்பினார். எப்போலேருந்து? சனிக்கிழமையிலிருந்து. சனிக்கிழமை வீட்டில் வேறென்ன நடந்தது? மாடித் தொட்டியைக் கழுவினார்களாம். தொட்டி மண் அத்தனையும் குழாய் வழியே வந்து, மெஷினுக்குத் தண்ணீர் நுழையும் இடத்திலிருக்கும் குட்டிச் சல்லடையில் அடைத்துக்கொண்டிருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் இரண்டு தேய்ப்பு, முடிந்தது வேலை.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வலது முழங்கால் காலை வாரிவிட்டது. லிஃப்ட் இல்லாத கட்டிடங்களில் பத்துக் கிலோ பையோடு நான்கு மாடி ஏறி இறங்கினால் வேறென்ன ஆகும்? “படி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது” என்று டாக்டர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். படி ஏறாத மெக்கானிக்கை எந்த சர்வீஸ் சென்டர் வைத்துக்கொள்ளும்? விஷயத்தை மனைவியிடம் மட்டும் சொன்னார். ஆபீஸில் மூச்சு விடவில்லை.

நல்ல வேளையாக ஆபீஸில் ஒரு புது வேலை முளைத்தது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே, கோளாறு என்று போன் செய்கிறவர்களுக்கு வழி சொல்லும் வேலை. ஒரே ஒரு நாற்காலி. அது கிடைத்தால் உத்தியோகம் தங்கும், கிடைக்காவிட்டால் ஐம்பத்து மூன்று வயதில் வீட்டில் சும்மா உட்கார வேண்டியதுதான். மெஷின்களை விட்டுவிட்டு இருப்பதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. வேண்டும் என்கிறவர்கள் ஒரு பக்கத்தில் விண்ணப்பம் எழுதித் தர வேண்டும் என்றார் சர்வீஸ் மேனேஜர் மேடம்.

டிரம்மை ஒற்றைக் கையால் தூக்குகிறவரால் பேனாவைத் தூக்க முடியவில்லை. “போன்ல ஏஐ இருக்கே, அதுகிட்டக் கேளுங்கண்ணே. பொளந்து கட்டும்” என்றான் கூட வேலை பார்க்கும் ஒருவன். அண்ணன் தட்டினார்: “வேலைக்கு ஒரு நல்ல லெட்டர் எழுது.”

கண் சிமிட்டுவதற்குள் எழுதித் தள்ளியது. ‘ஆர்வமும் அர்ப்பணிப்பும் மிக்க நான், சவால்களை வாய்ப்புகளாக மாற்றும் திறன் கொண்டவன்…’ அடேயப்பா! யாரப்பா இந்த ஆள் என்று அண்ணனுக்கே சந்தேகம் வந்தது. ஆனாலும் புகழ்ச்சி யாரை விட்டது? உச்சி குளிர, அச்செடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை மேடம் கூப்பிட்டார். மேஜைமேல் ஒன்பது காகிதங்கள். மேடத்துக்கு எதிரே நாற்காலி கிடையாது. அண்ணன் முழங்காலைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு நின்றார்.

“இதைப் படிங்க. அடுத்ததையும் படிங்க.”

ஆர்வமும் அர்ப்பணிப்பும். ஆர்வமும் அர்ப்பணிப்பும். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

“ஒன்பது பேரும் ஒரே ஆளா அண்ணே? பேரை மறைச்சா எது யாரோடதுன்னே தெரியல. எல்லாருக்கும் சொல்றதுதான் உங்களுக்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள வேற எழுதிட்டு வாங்க.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் போனைச் சோபாவில் எறிந்தார். மனைவி அப்போதுதான் மருந்துக் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அங்கே கவுண்டரில் நிற்பது அவர் வேலை.

“இது ஒண்ணும் உருப்படாத மெஷின். சரியில்ல” என்றார் அண்ணன்.

“எப்போலேருந்து?” என்றார் மனைவி.

இருபத்தாறு வருடத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

“சொல்லுங்க. என்ன கோளாறு? நீங்க என்ன கேட்டீங்க, அது என்ன குடுத்துச்சு?”

அவர் போனை எடுத்துக் காட்டினார். மனைவி படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “என்னங்க இது! எங்க கடைக்கு வந்து ‘ஒரு நல்ல மாத்திரை குடுங்க’ன்னா நான் என்னத்தக் குடுப்பேன்? யாருக்கு, என்ன வயசு, எங்க வலி, ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா? ‘மெஷின் ஓடல’ன்னு சொல்ற ஆளுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?”

சுருக்கென்று தைத்தது. கோபம்கூட வந்தது. ஆனால் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால்தானே சண்டை போட முடியும்?

மறுநாள் காலையில் பையிலிருந்து ஜாப் கார்டு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எந்த மாடல், என்ன கோளாறு, எப்போலேருந்து, அதற்கு முன் என்ன நடந்தது, கடைசியில் வீட்டுக்காரருக்கு என்ன வேண்டும். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினார்: கடிதத்தைப் படிக்கப்போவது சர்வீஸ் மேனேஜர். சல்லடை கழுவுகிற வேலைக்கெல்லாம் ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறதே என்பது அவர் தலைவலி. நான் இருபத்தாறு வருட மெக்கானிக். மாடித் தொட்டி கதை இது. புது மெஷின் அறை முழுக்கக் குதித்து ஓடியபோது, ‘வாங்கினதுலேருந்தே’ என்ற ஒரே பதிலை வைத்து, வண்டியில் ஏற்றும்போது டிரம் ஆடாமலிருக்கப் பின்னால் முடுக்கிய போல்ட்டுகளைக் கழற்றவில்லை என்று போனிலேயே கண்டுபிடித்த கதை இது. ஒரு பக்கம் போதும். அலங்காரம் வேண்டாம். நான் பேசுகிற மாதிரி இருக்கட்டும்.

இந்தத் தடவை வந்ததில் அண்ணன் இருந்தார். தொட்டி இருந்தது, போல்ட் இருந்தது. கூடவே, அவர் வாங்காத மூன்று சான்றிதழும், ‘தொண்ணூற்றெட்டு சதவீத வாடிக்கையாளர் திருப்தி’யும் இருந்தன.

“அடப்பாவி, இதை யாரு உன்கிட்டச் சொன்னா?” என்று போனைப் பார்த்துக் கத்தினார். பிறகு நிதானமாகத் தட்டினார்: “நான் சொல்லாத எதையும் சேர்க்காதே. தெரியவில்லை என்றால் என்னைக் கேள். கேட்டுவிட்டு எழுது.”

அப்படிச் சொன்னதுதான் தாமதம், அது கேட்க ஆரம்பித்தது. முதல் இரண்டு கேள்விக்கும் சளைக்காமல் பதில் சொன்னார். மூன்றாவது கேள்வி: ‘வெளியே போகும் வேலையை விட்டு இந்த வேலைக்கு ஏன் வர விரும்புகிறீர்கள்?’

அண்ணன் தட்டுவதை நிறுத்தினார். என்ன எழுதுவது? சும்மா ஏதாவது சொல்லிவிடலாமா? பாதிக் கோளாறை மறைக்கிற வீட்டுக்காரர்களைப் பார்த்து எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார்! குழந்தை பொம்மையைப் போட்டதைச் சொல்ல மாட்டார்கள், இவர் அரை நாள் பிரித்து மேய்ந்த பிறகு பொம்மையின் கை வெளியே வரும். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே உண்மையைத் தட்டினார்.

அது அதை எடுத்துக்கொண்டு, ‘உடல் தளர்ந்தாலும் உள்ளம் தளராத’ என்று மறுபடியும் கச்சேரியை ஆரம்பித்தது. “வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுது” என்றார். கடைசியில் வந்தது இதுதான்: ‘எனக்கு முழங்கால் வலி இருக்கிறது. இனிமேல் படி ஏற முடியாது. ஆனால் போனில் கேட்கத் தெரியும்.’ அதைப் படித்தபோது அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியிடம் காட்டினார். “இப்பதாங்க இது உங்க லெட்டர்” என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை மேடம் நின்றுகொண்டே படித்தார். ஒருமுறை படித்தார், மறுபடியும் படித்தார்.

“இதுவும் மெஷின் எழுதினதுதானா?”

பொய் சொல்லலாம். சொல்ல வாய் வரவில்லை. “எழுதினது மெஷின்தான் மேடம். ஆனா நான் ஒன்றரை மணி நேரம் உக்காந்து அதுக்குக் கோளாறு சொன்னேன்.”

மேடம் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும், “முழங்கால் விஷயத்தை ஏன் இத்தனை நாள் சொல்லல?” என்றார்.

“சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு பயம் மேடம்.”

மேடம் வெளியே போய், போன் மேஜைக்குப் பின்னாலிருந்த சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து அண்ணன் முன்னால் நிறுத்தினார். “எல்லா லெட்டரும் பாத்துட்டேன். போன்ல என்ன கேக்கணும்னு இதுலதான் இருக்கு. நிக்காதீங்க அண்ணே, உக்காருங்க. இது உங்க சீட்டுதான்.”

அண்ணனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் பழக்க தோஷத்தில் வாயிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான்.

“எப்போலேருந்து?”

அறை வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள்.

“திங்கக்கிழமைலேருந்து” என்றார் மேடம்.