தனுஷ்கோடி சித்தப்பாவின் ஷிப்டு

எங்கள் தெருவில் தனுஷ்கோடி சித்தப்பாவைப் போல உழைத்தவர் கிடையாது. ஒரே நாளில் மூன்று ஷிப்டும் பார்ப்பார். மேலத்தெருக்காரர்கள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

மம்சாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எண்பத்திரண்டில் அவருக்கு ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் வேலை கிடைத்தது. அதுவரை அவருடைய அப்பா குருசாமி பார்த்த வேலை வேறு. மேலத்தெருவில் யார் செத்தாலும் சொந்தக்காரர்களின் ஊர்களுக்கு நடந்து போய்த் துட்டி சொல்வது எங்கள் சாதிக்கு விதித்த ஊழியம். கான்சாபுரம் வரைக்கும் போய், வாசலுக்கு வெளியே நின்று சாவுச் செய்தியைச் சொல்லிவிட்டு வரவேண்டும். கொஞ்சம் கம்பும் மிஞ்சிய சோறும் கிடைக்கும். மறுத்தால் மறுநாள் வயல்வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள்.

மில் வேலை வந்ததும் சித்தப்பாவுக்கு வயிற்றைப் பற்றிய பயம் போயிற்று. வாய்க்கு மட்டும் இன்னும் பயம். அதனால் துட்டி சொல்ல ஆள் கூப்பிட வந்தால், "ஷிப்டு இருக்குய்யா" என்பார். காலையில் வந்தால் பகல் ஷிப்டு, சாயங்காலம் வந்தால் ராத்திரி ஷிப்டு. சொன்ன கையோடு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். லீவு நாளென்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் சினிமா பார்த்துவிட்டு, அலுத்துக் களைத்தவராகத் திரும்புவார்.

"கொட்டகையில என்ன நூலு நூத்தீக?" என்று வேலுத்தாய் சித்தி கேட்பாள்.

கொஞ்ச நாளில் எங்கள் தெருவில் மில் பக்கமே போகாதவர்களுக்கும் ஷிப்டு வந்துவிட்டது.

பிறகு மேலத்தெருக் கிணறுகள் வற்றி, வெள்ளாமை போயிற்று. பெரிய வீட்டு ராஜரத்தினமும் அதே மில்லில் சேர்ந்தான். மில்லுக்குள் 'அண்ணாச்சி' என்பான். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் வெறும் 'தனுஷ்கோடி'. அந்த 'அண்ணாச்சி'க்கு மட்டும் ஊர் வரைக்கும் டிக்கெட் எடுக்கமாட்டான்.

தொண்ணூற்றொன்றில் அவனுடைய அப்பா இறந்தார். விடிந்ததும் அவனே எங்கள் தெருவுக்கு வந்து நின்றான்.

"ஷிப்டு..." என்று சித்தப்பா ஆரம்பித்தார்.

"இன்னைக்கு மில்லு லீவு, தனுஷ்கோடி. எனக்கும்தான லீவு."

சித்தப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. அவர் போனால், சாக்குச் சொன்ன அத்தனை பேரும் நாளைக்குப் போயாகவேண்டும். தெருவே அவர் வாயைப் பார்த்தது.

"ஆமா தம்பி, லீவுதான்," என்றார் கடைசியில். "அப்பா போனது எனக்கும் வருத்தந்தான். பொறவு துட்டி கேக்க வாரேன். துட்டி சொல்லப் போகமாட்டேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்காகவா மனுஷன் இத்தனை வருஷம் ஓடி ஓடி சினிமா பார்த்தார்? ராஜரத்தினம் வந்த வழியே திரும்பினான். அவனுடைய தம்பி பஸ் ஏறிக் கான்சாபுரம் போனான்.

மத்தியானம் சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டு, கையில் மாலையோடு பெரிய வீட்டுக்குப் போனார். மாலையைப் போட்டுவிட்டுப் பந்தலுக்கு வந்தார். அங்கே பெஞ்சு கிடந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவராகவே உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

சித்தப்பா இன்னும் கொஞ்சம் நகர்ந்து, வசதியாக உட்கார்ந்துகொண்டார்.