துணி வைக்காமல் ஓடிய ஓவர்லாக்

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு டிக் டிக் என்று ஒரு சத்தம் உண்டு என்பதே கொரோனா ஊரடங்கின்போதுதான் எனக்குத் தெரிந்தது...

திருப்பூரில் எங்கள் வீடு மாடியில். கீழே ஆறு மெஷின் போட்ட என் பனியன் செக்‌ஷன். பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். காலையில் ஸ்விட்சைப் போட்டால் பொழுது சாயும் வரை மாடித் தரை அதிரும். சொம்புத் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழும். அந்த இரைச்சலில் கடிகாரம் எங்கே கேட்கும்?

ஊரே அடங்கிக் கிடந்த அந்த நாட்களில் அது ஒன்றுதான் ஓடியது. அதைக் கேட்டுக்கொண்டே ராத்திரியெல்லாம் விழித்துக் கிடப்பேன்.

காரணம், என் மகள் சுகந்தி.

அவள் அப்போது வியட்நாமில் இருந்தாள். கடலோரமாக ஓர் ஊர், பெயர் என் வாயில் நுழையாது. வெளிநாட்டுக்காரர்களுக்குக் கம்ப்யூட்டரில் வெப்சைட் செய்து கொடுப்பாள். ஒரு நாட்டில் ரெண்டு மாசம், இன்னொரு நாட்டில் மூணு மாசம். ஒரு பை, ஒரு லேப்டாப்... அவ்வளவுதான் அவள் ஆபீஸ். சொந்தக்காரர்கள் கேட்டால், பெரிய கம்பெனியில் இருக்கிறாள், ஊரூராக அனுப்புகிறார்கள் என்பேன். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

விமானமெல்லாம் நின்றபோது முதலில் எனக்குப் பயமே வரவில்லை. நம்ம ஊர் வழக்கம்தான் உங்களுக்கும் தெரியுமே... வடக்கே இருந்து வேலைக்கு வந்தவர்கள் கம்பெனி ரூமில் மாட்டிக்கொண்டபோது அரிசியும் பருப்பும் கொண்டுவந்து இறக்கியது எங்கள் தெரு முதலாளிதான். ஒன்று என்றால் வேலை செய்கிற இடம் பார்த்துக்கொள்ளும். அந்தத் தைரியத்தில் போனில் சொன்னேன்.

"உன்ற முதலாளி நம்பரக் குடு கண்ணு, நானே பேசறேன். அவங்களுக்கு ரூமு கீமு இருக்குமில்ல?"

அப்போதுதான் அவள் உடைத்துச் சொன்னாள்.

"எனக்கு முதலாளின்னு யாரும் இல்லீங்கப்பா. வேல குடுக்கறவங்க ஆளுக்கொரு நாட்டுல இருக்கறாங்க. நான் அவங்கள நேர்ல பாத்ததே இல்ல."

முதலாளி இல்லாமல் ஒரு வேலையா... அப்படியானால் என் பெண்ணை யார் பார்த்துக்கொள்வார்கள்?

அடுத்து இன்னொரு இடி. வெளிநாட்டு ஆளை வைத்திருக்கிறாயே என்று அக்கம்பக்கத்தார் பேசுகிறார்கள், வேறு இடம் பார்த்துக்கொள் என்று அவள் இருந்த வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். ஹோட்டல்கள் மூடிக் கிடந்தன. விசாவும் முடியப்போகிறது. அறையைப் பூட்டிக்கொண்டால் என் பெண் எங்கே போய் நிற்பாள்? என் மனைவி சரோஜா ஒவ்வொரு போனிலும் ஒன்றையே கேட்கச் சொல்வாள்... ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று.

சுகந்திக்கு வேலை இரவில், தூக்கம் பகலில். அந்தத் தூக்கமும் போய்விட்டது. ஒரு நாள் மத்தியானம் கூப்பிட்டாள்.

"அப்பா, கீழ போயி சித்தெ நேரம் மெஷின் ஓட்டுங்களேன். படுத்தா என்ற நெஞ்சு அடிக்கறதுதான் கேக்குது."

பிறந்ததிலிருந்து மெஷின் சத்தத்தின் மேல் தூங்கினவள். கைக்குழந்தையாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டால் கண்ணை மூடாமல் அழுவாள்.

செக்‌ஷனைத் திறக்கக் கூடாத நேரம். சத்தம் கேட்டால் போலீஸ் வந்து சீல் வைத்துவிடும் என்று பேச்சு. உள்ளே போய் ஷட்டரை இறக்கினேன். தெருவைப் பார்த்துக்கொள்ள சரோஜாவை மாடி ஜன்னலில் நிறுத்தினேன். போனை டேபிளில் சாய்த்து வைத்துவிட்டு ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினை மிதித்தேன். தைக்கத் துணி இல்லை. துணி இல்லாவிட்டால் ஓவர்லாக் நூலையே பின்னிச் சங்கிலியாக இறக்கும். அது என் காலடியில் சுருண்டுகொண்டே போனது. நிஜமாகப் பீஸ் தைக்கிற மாதிரி விட்டு விட்டு மிதித்தேன். நடுநடுவே கேட்கிற அவள் மூச்சு சீராகிற வரைக்கும்.

தினமும் இதே வேலையானது.

ஒரு நாள் நடுவில் அவள் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். ஒரு பெண் குரல், புரியாத பாஷை. துரத்த வந்துவிட்டார்கள்... என் கால் தானாக நின்றது. மெஷின் நின்றது. அந்தக் குரலும் நின்றது.

"ஏனுங்கப்பா நிறுத்தீட்டீங்க?"

"யாரு சாமி அது? வெளிய போகச் சொல்றாங்களா?"

"இல்லீங்க. மறுபடி ஓட்டுங்க. அவங்க கேக்கணுமாம்."

ஓட்டினேன்.

பிறகுதான் விவரம் சொன்னாள். வந்தது வீட்டுக்காரம்மா. அவர் சின்ன வயதில் அங்கே டீசர்ட் கம்பெனியில் டெய்லராக இருந்தவராம். வாடகைக்கு வந்த பெண் சொல்லாமல் கொள்ளாமல் ரூமில் மெஷின் போட்டுவிட்டாள் என்று சண்டைக்கு வந்திருக்கிறார். சத்தம் போனிலிருந்து வருவதைப் பார்த்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாராம். கொஞ்சம் கேட்டுவிட்டு, சத்தத்திலேயே கண்டுபிடித்து, துணியே வைக்காமல் எதற்கு ஓட்டுகிறார்கள் என்று விசாரித்திருக்கிறார். அவர் பேச்சைப் போன் மொழி மாற்றிச் சொல்ல, தான் தூங்குவதற்காக அப்பா ஓட்டுகிறார் என்று சுகந்தி பதில் சொன்னாளாம்.

அதன்பிறகு காலி செய்கிற பேச்சை அந்தம்மா எடுக்கவில்லை. அக்கம்பக்கத்தாரிடம் அவரே பேசிக்கொண்டார். விசாவை நீட்டிக்கக் கூடவே அலைந்தார். ஊருக்கு விமானம் கிடைக்கும் வரை என் பெண் அங்கேதான் இருந்தாள். அதற்காக நான் நிம்மதியாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். எங்கள் படியில் அவள் பையை இறக்கி வைக்கிற வரைக்கும் எனக்கு அந்தக் கடிகாரம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

அந்த நூல் சங்கிலியை ஒரு கவரில் போட்டு மெஷினுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வேஸ்ட் எடுக்க வருகிறவர் கேட்டார். கொடுக்கவில்லை.

எழுத்து எனக்கு வராது. நான் பேசப் பேச போன் எழுதியது, சரோஜா படித்துப் பார்த்துத் திருத்தினாள். இதைப் பேசும்போதுகூட கீழே ஆறு மெஷினும் ஓடுகின்றன. கடிகாரம் கேட்பதில்லை. சுகந்தி மறுபடியும் கிளம்பிவிட்டாள், இப்போது வேறு ஏதோ ஒரு நாடு. முன்பெல்லாம் புது ஊருக்குப் போனால் சாப்பாடு எப்படி என்று கேட்பேன். இப்போது முதல் கேள்வி, வீட்டுக்காரங்க எப்படிப்பட்டவங்க என்பதுதான்.

அவள் என்னடாவென்றால், "ஒண்ணுமே கேக்கலீங்கப்பா, மெஷின் சத்தம் காதப் பொளக்குது, வெளிய வந்து பேசுங்க" என்கிறாள்.

வெளியே வந்துதான் பேசுகிறேன்.

சத்தம் கொஞ்சமாவது அவள் காதுக்குப் போகட்டும் என்று ஷட்டரை மட்டும் இறக்குவதில்லை...