கூரைக்குக் கீழே தட்டியது

பேய் என்றால் இரவில்தான் வரும் என்று நினைக்கிறவர்கள் இதை நம்பப்போவதில்லை. நம்பாவிட்டால் போங்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், நல்ல வெயிலில், தாழ்வுபாடு கிராமத்தில் என் சொந்த வீட்டுக் கூரைமேல். கதை கட்டி ஆட்களைப் பயமுறுத்த எனக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை.

அந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து கூரை என் உயிரை எடுத்தது. முதல் மழைக்கு விறாந்தை ஒழுகியது. ஓடு மாற்றினேன். பிறகு சமைக்கிற குசினி. மாற்றினேன். அதன்பிறகு நடு அறை. அங்கேதான் எங்கள் மகனின் தொட்டில். கைக்குழந்தை, இன்னும் குப்புறக்கூடப் பழகவில்லை. மழை பெய்தால் தொட்டிலை மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டு திரிவோம். ஒழுக்கும் விடாமல் பின்னாலேயே வரும்.

என் மனைவி றொசானாவுக்கு ஒரே பல்லவி.

"இஞ்சேருங்கோ, இது ஓடு மாத்திற வேலை இல்லை. முகடு நடுவில பள்ளமாக் கிடக்கு. பிள்ளையின்ர நுளம்பு வலையில விடிய விடிய மரத்தூள் கொட்டுது. கறையான் திண்ட மரத்தில புது ஓட்டை வைச்சு என்ன பிரியோசனம்? கூரையை மாத்துங்கோ."

"ஒழுக்கை அடைச்சால் சரி" என்றேன். கூரை என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வந்த காலம் அது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இரவு முழுவதும் பெய்த மழை விட்டு வெயில் ஏறியிருந்தது. ஏணியை வைத்து ஏறினேன். ஓட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வேலை தெரியும். எந்த ஓடு வெடித்தது என்று மேலே நிற்பவனுக்குத் தெரியாது. உள்ளே நிற்பவர்தான் வெளிச்சம் கசியும் இடத்தைப் பார்த்து, நீளத் தடியால் அந்த ஓட்டைக் கீழிருந்து தட்டவேண்டும். சத்தம் வரும் இடத்துக்கு மேலே நிற்பவன் போவான். றொசானா தடியோடு நடு அறையில் நின்றாள். பிள்ளை தொட்டிலில் நித்திரை.

டொக்... டொக்.

போனேன். ஓடு வெடித்திருந்தது. மாற்றினேன்.

டொக்... டொக்.

அதையும் மாற்றினேன். அடுத்த தட்டு கொஞ்சம் மேலே, முகட்டுப் பக்கம் கேட்டது. தவழ்ந்து போய்ப் பார்த்தால் நல்ல ஓடு. ஒரு கீறல்கூட இல்லை.

"இது நல்லாத்தானே கிடக்கு!" என்று கத்தினேன்.

இன்னும் மேலே... டொக்.

அதுவும் நல்ல ஓடு. போன கிழமை நானே வைத்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பள்ளமான இடத்துக்கு என்னை இழுத்துக் காட்டி, கூரையை மாற்று என்று தடியால் சொல்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

"என்ன, பகிடியோ?"

டொக். டொக்.

அப்போதுதான் கவனித்தேன். சத்தம் மாறியிருந்தது. தடியின் சத்தம் இல்லை. கதவில் விரலை மடக்கித் தட்டுவார்களே, அந்தச் சத்தம்.

ஆனால் அந்த அறையில் முகடு இரண்டு ஆள் உயரம். கை எட்டாது.

"றொசானா!"

"என்னப்பா?"

குரல் உள்ளேயிருந்து வரவில்லை. என் முதுகுப் பக்கமிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தேன். வேலிக்கரையில் நின்றாள். தோளில் பிள்ளை. அடுத்த வீட்டு அருளம்மா அக்காவோடு கதைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தடி வெளிச்சுவரில் சாத்தியிருந்தது.

"பிள்ளை அழுதவன். நான் அப்பவே வெளியால வந்திட்டன்."

"அப்ப உள்ளுக்க ஆர்?"

"ஒருத்தரும் இல்லையே..."

டொக்.

என் காலுக்கு நேர் கீழே.

கிறீ...ச்.

மரம் முறிந்தது. ஓடுகள் சரிந்தன. கீழே ஏதோ படார் என்று நொறுங்கியது. என் வலது கால் இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விட்டது. இரண்டு கையாலும் முகட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

கீழே தொங்கிய என் பாதம் வெறுங்கால்.

அந்தப் பாதத்தில்...

விரலை மடக்கி...

மெதுவாக...

டொக்.

அதற்குப் பிறகு நான் போட்ட சத்தத்தை ஊரே கேட்டது. ஆட்கள் ஏறி என்னை இறக்கினார்கள். நடு அறைக்குள் ஒருவரும் இல்லை. முறிந்த கூரைமரம் தொட்டிலின் குறுக்கே விழுந்து, தொட்டில் இரண்டாகக் கிடந்தது. பிள்ளை அழாமல் நித்திரை கொண்டிருந்தால்... அதற்கு மேல் இன்றைக்கும் என்னால் நினைக்க முடியாது. றொசானா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அந்தக் கூரையை முழுவதும் இறக்கினோம். ஒரு துண்டு மரம் மிச்சம் வைக்கவில்லை. பழைய மரத்தை வளவின் மூலையில் எரித்துக்கொண்டு நின்றபோதுதான் அருளம்மா அக்கா வேலிக்கரைக்கு வந்தார்.

"தம்பி, உங்களுக்கு முதல் இந்த வீட்டில இருந்த யாகப்பரும் கூரையால விழுந்துதான் செத்துப்போனவர். உங்களுக்கு வீட்டை வித்த அவற்ற தமையன் சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"எப்பிடி விழுந்தவர்?"

"ஓடு மாத்தப்போய்த்தான். ஆஸ்பத்திரியில கதைக்கக்கூடியதா இருக்கேக்க எல்லாருக்கும் சொன்னவர். பெண்சாதி உள்ளுக்க நிண்டு தட்டினவவாம், தட்டின இடத்துக்குப் போனவராம்."

"அப்ப அந்த அக்காவைக் கேட்டால் தெரியும்தானே?"

அருளம்மா அக்கா நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவவுக்கு என்ன தெரியும், தம்பி? அந்த நேரம் அவ கோயிலில. பூசை முடியுமட்டும் எனக்குப் பக்கத்திலதான் முழந்தாளில நிண்டவ."